வாயிலோனும் வானலையும்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் மலைப்பாதை, ரிங்லெட்டைக் கடந்து சற்றே இளைப்பாறும் இடத்தில் அமைந்த ஊர் தானா ராத்தா. மலாய்மொழியில் அப்பெயரின் பொருளே சமநிலம் என்பதாகும். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டு குறித்தார். மலை அவர் பெயரைத் தாங்கி நின்றதேயன்றிக் குடியேற்றம் நெடுங்காலம் கழித்தே நிகழ்ந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1930களில் பாரத் தேயிலைத் தோட்டம் எழுந்தது. அத்தோட்டங்களில் கொழுந்து கொய்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர்.

தோட்டத்து விடியல் பெரட்டுக் களத்தில் தொடங்கிற்று. கதிரவன் எழுமுன்னரே தொழிலாளர் வரிசையில் நிற்பர். கிராணி பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துச் செக்ரோலில் குறித்துக்கொள்வார். செக்ரோலில் பெயர் ஏறாதவருக்கு அன்று வேலையில்லை; உழைத்திருந்தாலும் கூலியில்லை. வந்து நிற்பவர் இன்னார்தாம் என்பதற்கு அங்கே தனிச்சான்று எதுவும் வேண்டியிருந்ததில்லை. கங்காணிக்கு முகம் தெரியும், ஊர் தெரியும், பல வேளைகளில் உறவுமுறையும் தெரியும். முகமறிந்த கண்ணே பூட்டாகவும் சாவியாகவும் விளங்கிய காலம் அது.

இன்று அம்மலையின் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் தங்கும் விடுதிகளிலும் பள்ளிகளிலும் செய்தி கம்பியின்றிச் செல்கிறது. கொழுந்தின் எடையும் கூலிக் கணக்கும், விருந்தினர் பெயரும் மாணவர் மதிப்பெண்ணும் வானலையில் ஏறி இறங்குகின்றன. கம்பிக்கு ஒரு முனை உண்டு; அம்முனையை ஓர் அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டிவிடலாம். வானலைக்கு முனையில்லை. அலுவலகச் சுவர் கண்ணைத் தடுக்குமேயன்றி அலையைத் தடுப்பதில்லை. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி அமர்ந்திருப்பவருக்கும் அது எட்டும். ஆகவே, “நீ யார்? உள்ளே வர உனக்கு உரிமை உண்டா?” என்று பெரட்டுக் களத்தில் கேட்கப்படாமலே விடை கண்ட வினா, முகம் தெரியாத வெளியில் மீண்டும் எழுந்துள்ளது. அவ்வினாவுக்கு மனிதர் கண்ட விடைகளின் வரலாறு, கணினிக்கு மிக முற்பட்டது. அவ்வரலாற்றைத் தன் உடம்பில் தாங்கிய இனங்களுள் தமிழினமும் ஒன்று.

இலங்கைத் தோட்டங்களில் துண்டு என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடனைத் தீர்ப்பவருக்கே அவரை விட்டுக்கொடுப்பதாகத் துரை எழுதித் தரும் சீட்டு அது. துண்டு கையில் இல்லையெனில் வேறு தோட்டத்தின் வாயில் திறவாது. ஆளின் அடையாளம் அவருடைய கடனோடு ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தது. 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. தமிழகத்திலிருந்து அத்தீவுக்குச் சென்றோர் தோட்ட எண்ணும் தம் எண்ணும் பொறித்த தகர வில்லையைச் சுமந்து சென்றதும் உண்டு. மலாயாவில் கங்காணி முறை நிலவியது. தொழிலாளரைத் திரட்டி அனுப்பும் அவ்வேற்பாட்டுக்கு இந்திய அரசு 1938இல் தடை விதித்தது. அதன் பின்னர் வருகை குறைந்தது. செக்ரோல் மட்டும் நின்றது.

1948இல் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அவ்வாண்டிலேயே பன்னிரண்டு வயது நிரம்பிய அனைவருக்கும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகள் கிராமத்தாரின் அட்டைகளைப் பறித்துக் கிழித்தெறிந்தனர் என்பது வரலாறு. தாளைக் கிழிப்பதில் அவர்களுக்கென்ன ஆதாயம்? அட்டை இல்லாதவன் காட்டுக்குரியவன் என்று அரசு பிரித்தறிந்தது. அட்டைகள் அழிந்தால் அப்பிரிவினையும் அழியும் என்பது அவர்களது கணக்கு. அடையாளச் சான்று என்பது அமைதிக்கால அலுவலகப் பழக்கமாக இந்நாட்டில் தோன்றியதன்று. போரின் கருவியாகத் தோன்றியது.

இருபதாண்டு கழித்து அட்டையின் நிறமே வாழ்வைத் தீர்மானித்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய உரிமச்சீட்டு வேண்டியதாயிற்று. நீல அட்டை உடையோர் தங்கினர். சிவப்பு அட்டை உடைய தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கப்பலேறினர். பதிந்துகொள்ள வேண்டிய காலத்தில், அதன் இன்றியமையாமையை எடுத்துரைப்பார் இன்றி இருந்துவிட்டவர்கள் அவர்களுள் பலர். பதிவேட்டில் ஒருவர் பெயர் எவ்வாறு எழுதப்படுகிறது, அதை எழுதுபவர் யார், திருத்துபவர் யார் என்னும் வினாக்கள் தோட்ட வரலாறு அறிந்தோருக்கு வெறும் தொழில்நுட்ப வினாக்களாகத் தோன்றமாட்டா.

கம்பியில்லா வலையின் கதைக்கு வருவோர் ஹவாய்த் தீவுகளிலிருந்து தொடங்குதல் பொருந்தும். 1971இல் நார்மன் ஆப்ரம்சனும் அவருடைய குழுவினரும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கணினியைப் பிற தீவுகளோடு வானலையால் இணைத்தனர். கடலுக்கடியில் கம்பி போடுவதைவிட வானில் எறிவது எளிதாயிருந்தது. 1985இல் அமெரிக்க அரசு சில அலைவரிசைகளை உரிமமின்றிப் பயன்படுத்த இசைந்தது. 1997இல் கம்பியில்லா வலைக்குரிய பொது நெறி வகுக்கப்பட்டது; 1999இல் வைஃபை என்னும் பெயர் சூட்டப்பட்டது. அலுவலக மேசைகளுக்கு அடியில் பின்னிக் கிடந்த கம்பிகள் மறைந்தன.

அந்நெறியை வகுத்தவர்கள் பூட்டையும் உடன் வைத்தனர். கம்பிக்கு இணையான மறைவைத் தருவது என்னும் பொருள்படவே அதற்குப் பெயரிட்டனர். சுருக்கமாக வெப் என்றழைத்தனர். பெயரிலிருந்த துணிவு பூட்டில் இல்லை. அலுவலகம் முழுவதற்கும் ஒரே சாவி. ஒவ்வொரு செய்தித் துணுக்கையும் மறைப்பதற்கு அச்சாவியோடு 24 இரும இலக்கமுள்ள ஒரு மாறும் எண் சேர்க்கப்பட்டது. அவ்வெண்கள் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துச் சொச்சமே. போக்குவரத்து மிகுந்த அலுவலகத்தில் அவை சில மணி நேரத்தில் தீர்ந்து, மீண்டும் வரத் தொடங்கிவிடும். 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவரும் அம்முறையின் ஆழ்ந்த வழுவொன்றை வெளிப்படுத்தினர். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர ஆய்வாளர்கள் அப்பூட்டை ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினர்.

கற்றோர் கூறுவதைக் கடைக்காரர் கேட்பது எக்காலத்தும் அரிது. அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் நிறுவனம் பெரும் அங்காடிகள் பலவற்றை நடத்துவது. 2005இல் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள அதன் கடையொன்றின் கம்பியில்லா வலை, வழு வெளிப்பட்டு நான்காண்டாகியும் பழைய பூட்டோடே இருந்தது. திருடர்கள் அவ்வழியே நுழைந்து, நிறுவனத்தின் நடுக்கணினி வரை சென்றனர். 2007இல் செய்தி வெளிவந்தபோது, 4 கோடியே 57 இலட்சம் கடனட்டை எண்கள் களவுபோனதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. கூட்டத்தின் தலைவனான ஆல்பர்ட் கொன்சாலஸ் 2010இல் இருபதாண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். கதவை உடைத்தாரில்லை, காவலாளியைக் கட்டிப்போட்டாரில்லை. வெளியே பரவிக் கிடந்த அலையைக் கேட்டுக்கொண்டிருந்தனர், அவ்வளவே.

வழுவுற்ற பூட்டுக்கு மாற்றாக 2003இலும் 2004இலும் வலிய பூட்டுகள் வந்தன. எனினும் ஒரே சாவியை ஊரார் எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் சிறு அலுவலகங்களில் ஒழியவில்லை. சுவரில் ஒட்டிய தாளில் எழுதப்பட்ட கடவுச்சொல்லைக் காணாத அலுவலகம் அரிதே. அச்சொல் எத்துணை நீளமாயினும், அதற்கு ஆள் தெரியாது. கணக்கரும் காவலரும், நேற்று விலகிச் சென்ற உதவியாளரும், தேநீர் அருந்த வந்து போன விருந்தினரும் அதற்கு ஒருவரே. ஒருவர் பணியினின்று நீங்கினால் அவரிடமிருந்து சொல்லை மட்டும் திரும்பப் பெறுவதெங்ஙனம்? எல்லாருடைய கருவியிலும் மாற்ற வேண்டும், மாற்றுவோர் சிலர்.

இதற்குரிய மருந்து, ஆளை ஆளாக அறிவது. 2001இல் வெளியான 802.1எக்ஸ் என்னும் நெறி அவ்வழியை வகுத்தது. அதில் மூவர் பங்கேற்கின்றனர்: உள்ளே வர விரும்பும் கருவி, வாயிலில் நிற்கும் வானலைப் பெட்டி, உள்ளிருந்து தீர்ப்புரைக்கும் வழங்கி. தமிழ் மாணவர்க்கு இவ்வமைப்பை விளக்கக் கணினி நூலைத் தேடவேண்டியதில்லை; சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை போதும். கண்ணகி பாண்டியன் கோயில் வாயிலில் வந்து நிற்கிறாள். வாயிலோன் தானே கதவு திறந்தானல்லன்; தானே விரட்டினானுமல்லன். வந்தவள் தோற்றத்தையும் அவள் கூறியதையும் உள்ளே சென்று மன்னனிடம் உரைக்கிறான். மன்னன் இசைவு தந்த பின்னரே வாயில் திறக்கிறது. வானலைப் பெட்டியும் அவ்வாறே. விடை வரும்வரை, கேள்வியை உள்ளே கொண்டு செல்வதற்கன்றி வேறெதற்கும் அது வழிவிடாது. அதனிடம் பெயர்ப்பட்டியல் இல்லை. ஆகவே வாயிலோனைக் கவர்ந்து சென்றாலும் பட்டியல் களவுபோகாது.

காப்பியம் இன்னுமொன்றையும் கற்பிக்கிறது. கோவலன் மாண்டது தவறான அடையாளத்தால். பொற்கொல்லன் சொன்ன சொல்லும், சிலம்பின் புறத்தோற்றமும் சான்றாக ஏற்கப்பட்டன. உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்று எவரும் உடைத்துப் பார்த்தாரில்லை. கம்பியில்லா வலையிலும் புறத்தோற்றத்தை நம்புவோர் இழப்பர். அலுவலக வலையின் பெயரையே தன் பெட்டிக்குச் சூட்டி, வாயிலுக்கு வெளியே பொய்வாயில் அமைப்பது திருடனுக்கு எளிது. பெயரைக் கண்டு நம்பும் ஊழியர் தம் கடவுச்சொல்லை அங்கே கொட்டிவிடுவார். எனவேதான் கருவி தன்னை மெய்ப்பிக்குமுன், எதிரிலிருக்கும் வழங்கி தன் சான்றிதழைக் காட்டி மெய்ப்பித்தல் வேண்டும். சிறந்த அமைப்புகளில் இருதரப்பும் சான்றிதழ் காட்டுகின்றன. கடவுச்சொல் என்பதே அங்கே வழங்குவதில்லை. இல்லாத சொல்லை எவர் திருடுவார்?

கடவுச்சொல்லின் வரலாற்றில் ஒரு சிறு செய்தி ஈண்டுக் குறிக்கத்தக்கது. பலர் ஒரு கணினியைப் பகிர்ந்து பயன்படுத்துவதற்காகக் கடவுச்சொல்லை முதன்முதல் கையாண்ட இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். காலம் 1960களின் தொடக்கம். 1962இல் அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த ஆலன் ஷெர் என்பவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டு பிறந்த வீட்டிலேயே சாவிக்கொத்தும் களவுபோயிற்று.

தீர்ப்புரைக்கும் வழங்கிக்கு ரேடியஸ் என்னும் முறை 1991இல் லிவிங்ஸ்டன் என்னும் நிறுவனத்தில் உருவானது. தொலைபேசிவழி இணையத்தோடு இணைவோரைச் சரிபார்க்க எழுந்த அது, பின்னர் வைஃபைக்கும் வழங்கலாயிற்று. அதன் ஆற்றலைப் பல்கலைக்கழகங்கள் நன்கு உணர்த்தின. 2002இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்கா முன்மொழிந்த திட்டம், இன்று எடுரோம் என்னும் பெயரில் உலகெங்கும் பரவியுள்ளது. மலேசியாவில் மைரென் என்னும் ஆய்வு வலையமைப்பு அதனை நடத்துகிறது. இந்தியாவில் எர்நெட் நடத்துகிறது. இங்குள்ள மாணவர் ஒருவர் அத்திட்டத்தில் சேர்ந்த தமிழகக் கல்லூரிக்குச் சென்றால், அங்கே அவருக்குப் புதுப்பெயர் வேண்டியதில்லை. அவ்வூர் வாயிலோன் அவருடைய தாய்க் கழகத்தைக் கேட்பான்; விடை வரும்; கதவு திறக்கும். கடவுச்சொல் சென்றவிடத்தாருக்குத் தெரியாது. துண்டு முறையில் தொழிலாளியைப் பிணித்த சீட்டு, இங்கே மாணவரை ஊர்தோறும் வரவேற்கும் சீட்டாகிறது. சீட்டு ஒன்றே, கட்டுவதும் விடுவிப்பதும் அதை அமைத்தவர் கருத்தைப் பொறுத்தன.

ஆயின் பல்கலைக்கழகத்துக்கு வழங்கியும் உண்டு, அதைப் பேணும் வல்லுநரும் உண்டு. மலைச்சரிவில் இருக்கும் சிற்றாலைக்கும் தோட்டப் பள்ளிக்கும் அவை ஏது? அவ்வெற்றிடத்தைத்தான் மேகக்கணிமை நிரப்பிற்று. மேகம் என்பது உவமையே. உண்மையில் அது வேறொருவருடைய பெருங்கட்டடத்தில் இருக்கும் கணினி. பெயர்ப்பட்டியலையும் தீர்ப்புரைக்கும் வழங்கியையும் மேகச்சேவை நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டு, வாயிலோனை மட்டும் தன் கூரையில் வைத்துக்கொள்ளலாம். ஊழியர் ஒருவர் விலகிய அன்று மாலையே பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டால், மறுநாள் எவ்வாயிலும் அவருக்குத் திறவாது. பிறர் எவரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சிறியோர்க்குப் பெரியோரின் காவல் கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

மலேசியப் பள்ளிகள் இதன் இருமுகத்தையும் கண்டுவிட்டன. 2011இல் ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணைக்கும் ஒன்பெஸ்தாரிநெட் திட்டம் வொய்டிஎல் நிறுவனத்திடம் அளிக்கப்பட்டது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் யெஸ் அடையாளப் பெயர் வழங்கப்பட்டது. அப்பெயரைக் கொண்டே ஃபுரோக் என்னும் கற்றல் தளத்துக்குள் நுழைந்தனர். 2019ஆம் ஆண்டின் நடுவில் ஒப்பந்தம் முடிவுற்றது, அவ்வாயில் மூடிற்று. அடையாளம் பள்ளியுடையதாய் இல்லாமல் ஒப்பந்தக்காரருடையதாய் இருந்தமையால், ஒப்பந்தம் மாண்டபோது பெயரும் மாண்டது. 2020 ஜூன் திங்களில் தொடங்கப்பெற்ற டெலிமா தளம் வேறு வழியை மேற்கொண்டது. அங்கே ஆசிரியர், மாணவர் ஒவ்வொருவருக்கும் கல்வி அமைச்சின் பெயரிலேயே முகவரி அமைந்தது. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆகியவற்றின் வசதிகளை அவ்வொரு முகவரியால் அடையலாம். வாயிலில் எழுதிய பெயர் வீட்டுக்காரருடையதாக இருப்பது சிறு செய்தி போலத் தோன்றும். காவலர் மாறினும் வீடு மாறாதிருப்பது அதனாலேயே.

மறுபக்கமும் உண்டு. எல்லா வீட்டுச் சாவியும் ஒரே கட்டடத்தில் தொங்கினால், திருடன் வீடுவீடாக அலையவேண்டியதில்லை. 2023 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஓர் அதிர்ச்சிச் செய்தியை வெளியிட்டது. சீனாவைச் சார்ந்ததெனக் கருதப்படும் கூட்டமொன்று, அந்நிறுவனம் அடையாளச் சீட்டுகளில் ஒப்பமிடும் சாவி ஒன்றைக் கைப்பற்றி, பொய்ச் சீட்டுகளைத் தானே ஒப்பமிட்டு, அமெரிக்க அரசுத்துறைகளின் அஞ்சலையே படித்திருந்தது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில், அடையாளம் காப்பதையே தொழிலாகக் கொண்ட ஒக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப்பிரிவிலும் கள்வர் புகுந்தனர். 2024இல் ரேடியஸ் முறையிலேயே முப்பதாண்டுப் பழமையான வழுவொன்று வெளிப்பட்டது. மேகத்துக்குச் செல்லும் கேள்விகளை மறைப்புக் குழாய்வழி அனுப்பியோர் தப்பினர், வெறுமனே அனுப்பியோர் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

மலைவாழ்வோர்க்குரிய இடர் வேறு. மண்சரிவு வழிமறிப்பது கேமரன் மலைக்குப் புதிதன்று. இணையக்கம்பி அறுந்தால், தீர்ப்புரைப்பவர் கடல்கடந்து இருக்க, வாயிலோன் விடை கிடைக்காமல் திகைத்து நிற்பான். அடுத்த அறையிலுள்ள அச்சுப்பொறிக்குக் கடிதம் அனுப்பவும் வழியிராது. ஆகவே பட்டியலின் படியொன்றையேனும் உள்ளூரில் வைத்துக்கொள்வதும், சான்றிதழை உள்ளூரிலேயே சரிபார்க்கும் ஏற்பாடு செய்துகொள்வதும் அறிவுடைமை. விருந்தினருக்குத் தனிவலை வைப்பதும் அத்தகையதே.

இவற்றினும் நுண்ணியது பெயரைப் பற்றியது. இந்நாட்டுத் தமிழர் பெயர்கள் பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும், பள்ளிப் பதிவேட்டில் வேறொருவாறும், அடையாள அட்டையில் இன்னொருவாறும் ரோமன் எழுத்தில் பதிந்திருப்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். ழகரம் ஓரிடத்தில் எல் ஆகும். மற்றோரிடத்தில் இசட்டும் எச்சும் ஆகும். தந்தை பெயர் சிலவேளை குடும்பப்பெயராகிவிடும். முகமறிந்த கங்காணிக்கு இவையெல்லாம் ஒருவரே. எழுத்தை எழுத்தாக ஒப்பிடும் வழங்கிக்கோ ஓரெழுத்து மாறினால் அவர் வேறொருவர். இன்று அதே தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் இந்தோனேசியரும் உழைக்கின்றனர். அவர்கள் பெயரும் பிறர் கையால் பிறர் எழுத்திலேயே பதிகிறது. தவறாக எழுதப்பட்டவர் முன்பு கிராணியின் சன்னலருகே சென்று நின்று முறையிடலாம். மேகத்துக்குச் சன்னல் எங்கே? 2013இல் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவர் தம் தரவைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் உரிமை அளிக்கிறது. ஆயின் அச்சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துவதன்று. அரசுப் பதிவேட்டில் விழுந்த பிழைக்கு அச்சட்டத்தைக் காட்டி வழக்காட இயலாது.

டெலிமாவை அமைத்தோர் இங்கே ஒரு நல்ல ஏற்பாடு செய்துள்ளனர். மாணவர் மறந்துவிட்ட கடவுச்சொல்லை மாற்றித் தரும் அதிகாரத்தைப் பள்ளிக்குள்ளேயே ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்துள்ளனர். பட்டியல் தொலைவில் இருக்கிறது. ஆயினும் இரண்டாம் வகுப்புக் குழந்தை வந்து நின்றால், முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, இன்னார் பிள்ளை என்றறிந்து வழிதிறந்து விடுபவர் வகுப்பறைக்கு அடுத்த அறையில் இருக்கிறார்.